ஸ்வீடனிடம் கேட்காமல் விட்ட கேள்வி

2020 ஏப்ரல் மாதக் கடைசியில் செய்திகளில் இரண்டு ஸ்வீடன்கள் இருந்தன. ஒரு ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் மக்கள் இளவெயிலில் காபிக் கடை வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பல நாடுகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில் அந்தப் படங்கள் ஊர் ஊராகச் சுற்றின. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பொதுமுடக்கத்தை எதிர்த்து நடந்த கூட்டத்தில் ‘ஸ்வீடனைப் போல் இருங்கள்’ என்று எழுதிய அட்டை தென்பட்டது. இன்னொரு ஸ்வீடனில் முதியவர்கள் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். பொதுமுடக்கம் செய்யாததன் பலனை ஸ்வீடன் கடுமையாக அனுபவிக்கிறது என்று அதிபர் டிரம்ப் ஏப்ரல் 30 அன்று ட்விட்டரில் எழுதினார். ஜூலையில் நியூயார்க் டைம்ஸ், உலகத்துக்கே எச்சரிக்கையாகிவிட்ட நாடு என்ற பொருளில் ஸ்வீடனுக்குத் தலைப்புக் கொடுத்தது.

இரண்டு படங்களிலும் உண்மை இருந்தது. ஆனால் இரண்டையும் பார்த்தவர்களுக்கு, அந்த நாட்டில் எது சரியாக நடந்தது, எது தவறியது, யார் இறந்தார்கள், ஏன் இறந்தார்கள் என்பது பிடிபடவில்லை. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளைப் பற்றி எங்கே வாக்குவாதம் வந்தாலும் இன்றும் யாராவது ஒருவர் ஸ்வீடன் பெயரை எடுக்கிறார். அதனால் அங்கே என்ன நடந்தது, அது எப்படிச் செய்தியாகியது என்பதைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. அடுத்த தொற்று வரும்போது செய்தியைப் படிக்கப்போவது நாம்தான்.

பூட்டவில்லை என்றால், என்ன செய்தார்கள்?

ஸ்வீடனில் முதல் தொற்று 2020 ஜனவரி 31இல் உறுதியானது. முதல் மரணம் மார்ச் 11. மறுநாளே 500 பேருக்கு மேல் கூடத் தடை வந்தது. மார்ச் 29 முதல் அது 50 பேராகக் குறைந்தது. மார்ச் 18 முதல் மேல்நிலைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் இணையவழிக்கு மாறின. உணவகங்களில் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டுமே பரிமாறலாம் என்று விதி வந்தது. ஏப்ரல் 1 முதல் முதியோர் இல்லங்களுக்குள் உறவினர்கள் போகத் தடை. கடைகளும் உணவகங்களும் 16 வயதுக்கு உட்பட்டவர்களின் பள்ளிகளும் மூடப்படவில்லை. வீட்டைவிட்டு வெளியே வராதே என்று யாருக்கும் உத்தரவு போகவில்லை. முகக்கவசத்தைப் பொதுமக்களுக்கு அரசு பரிந்துரைக்கவில்லை.

மற்றவை எல்லாம் அறிவுரைகள். 70 வயதைத் தாண்டியவர்கள் ஆட்களைச் சந்திப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், முடிந்தவர்கள் வீட்டிலிருந்து வேலை பாருங்கள், லேசான சளி என்றாலும் வெளியே வராதீர்கள். மீறினால் அபராதம் கிடையாது. இருந்தும் பெரும்பாலோர் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஈஸ்டர் விடுமுறையில் ஸ்டாக்ஹோமிலிருந்து கோட்லண்ட் தீவுக்குப் போன கூட்டம், செல்பேசித் தரவுகளின்படி, வழக்கமான ஆண்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காபிக் கடைப் படத்தில் இது தெரியாது. வெளியே வந்த ஐம்பது பேரைப் படம் பிடிக்கலாம்; வீட்டில் இருந்துவிட்ட ஐயாயிரம் பேரைப் படம் பிடிக்க வழியில்லை.

ஏன் அரசு ஆணையிடவில்லை? துணிச்சலான சோதனை என்று வெளிநாட்டு ஊடகங்கள் எழுதின. காரணத்தில் பாதி சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் 2020 மார்ச் 24 இரவு அறிவித்து நள்ளிரவிலேயே நாட்டை முடக்க 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் கைகொடுத்தது. ஸ்வீடன் அரசியலமைப்பில் போர்க்காலத்துக்குத்தான் நெருக்கடி நிலை உண்டு. நாட்டுக்குள் நடமாடும் உரிமை அடிப்படை உரிமை. 2004ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் தனி மனிதர்களையும் சிறு பகுதிகளையும் தனிமைப்படுத்த அனுமதித்தது. ஒரு மாநகரத்தைப் பூட்ட அனுமதிக்கவில்லை. அதோடு, ஓர் அரசு முகமை எடுக்கும் தனிப்பட்ட முடிவில் அமைச்சர் தலையிடக் கூடாது என்பது அந்நாட்டின் பழைய நிர்வாக மரபு. அதனால்தான் பிரதமர் பேச வேண்டிய இடத்தில் பொதுச் சுகாதார முகமையின் தலைமைத் தொற்றுநோய் நிபுணர் ஆண்டெர்ஸ் டெக்னெல் தினமும் பகல் இரண்டு மணிக்கு வந்து பேசிக்கொண்டிருந்தார்.

காரணத்தின் மறுபாதி விருப்பம். வணிக வளாகங்கள் போன்றவற்றை மூடும் அதிகாரத்தை நாடாளுமன்றம் 2020 ஏப்ரல் நடுவில் அரசுக்குத் தற்காலிகமாகக் கொடுத்தது. ஜூன் 30 வரை அது கையில் இருந்தது. அரசு ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. ஆக, முடியவில்லை என்பதும் உண்மை, முடிந்தபோதும் வேண்டாம் என்று விட்டதும் உண்மை.

அதிகம் பேசப்படாத ஒரு நடவடிக்கையையும் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தால் முதல் நாளுக்கு ஸ்வீடனில் சம்பளப் பிடித்தம் உண்டு. மார்ச் மாதத்தில் அந்தப் பிடித்தத்தை அரசு தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. மருத்துவச் சான்றிதழ் விதியையும் தளர்த்தியது. காய்ச்சலோடு வேலைக்குப் போவதா, சம்பளத்தை இழப்பதா என்று தவிக்கும் ஒரு பேருந்து ஓட்டுநருக்கு இதைவிடப் பயனுள்ள கட்டுப்பாடு எது? இதைத் தலைப்பாகப் போட்ட வெளிநாட்டுச் செய்தி ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை.

அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் இரண்டாம் அலை வந்தபோது ஸ்வீடனும் மாறியது. நவம்பர் 24 முதல் பொதுக் கூட்டங்களில் எட்டுப் பேர்தான். 2021 ஜனவரி 7 முதல் நெரிசல் நேரப் பேருந்து, ரயில்களில் முகக்கவசம். ஜனவரி 10 முதல் கடைகளையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் கட்டுப்படுத்தும் தற்காலிகப் பெருந்தொற்றுச் சட்டம். ‘பொதுமுடக்கம் இல்லாத நாடு’ என்ற பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒரு நாற்காலி, மூன்று பேர்

இந்த வழி சரியா தவறா என்ற சண்டையை, விஞ்ஞானிகள் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம் என்று செய்திகள் காட்டின. உள்ளே போனால் கணக்கு வேறு. டெக்னெல் 2013 முதல் 2022 வரை தலைமைத் தொற்றுநோய் நிபுணராக இருந்தார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஆன்னிகா லிண்டே. அவருக்கும் முன்னால் யோஹான் கீசெக்கே. மூவரும் அடுத்தடுத்து ஒரே பொறுப்பில் இருந்தவர்கள். கீசெக்கே, பொதுமுடக்கங்களால் பெரிய பயன் இல்லை, எல்லா நாடுகளும் கடைசியில் ஒரே மாதிரி எண்ணிக்கையில்தான் வந்து நிற்கும் என்றார். லிண்டே முதலில் இந்த வழியைக் குறை சொல்லாமல் இருந்து, மே மாதத்தில், ஆரம்பத்திலேயே சற்றுக் கடுமையாக இருந்து முதியோரைக் காக்க அவகாசம் தேடியிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். டெக்னெல் நடுவில் நின்றார்.

வெளியிலிருந்தும் குரல்கள் வந்தன. மார்ச் கடைசியில் நோபல் அறக்கட்டளையின் தலைவர் உட்பட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களும் மருத்துவர்களும் கடுமையான நடவடிக்கை கேட்டுக் கையெழுத்திட்டார்கள். ஏப்ரல் 14 அன்று 22 ஆய்வாளர்கள் ‘டாகென்ஸ் நிஹேட்டெர்’ நாளிதழில் முகமையைச் சாடி எழுதினார்கள். மறுநாள் விவாதம் எதைப் பற்றி நடந்தது தெரியுமா? அவர்கள் இத்தாலியோடு ஒப்பிடக் காட்டிய மரண எண்ணிக்கை சரியா தவறா என்பதைப் பற்றி. எண்கள் தப்பு என்றார் டெக்னெல். அவர்கள் எழுப்பிய மற்ற கேள்விகள் அந்தத் தகராறில் பின்னால் போய்விட்டன.

அந்த எண் தகராறு ஏன் வந்தது என்பது நமக்கும் பயன்படும். ஸ்வீடன் முகமை, ஒருவர் எந்த நாளில் இறந்தாரோ அந்த நாளில் அவரைக் கணக்கில் சேர்த்தது. பல நாடுகள், தகவல் எந்த நாளில் வந்ததோ அந்த நாளில் சேர்த்தன. முதல் முறைதான் சரியானது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. நேற்று இறந்தவரின் தகவல் வந்து சேர ஒரு வாரம் ஆகலாம். அதனால் வரைபடத்தின் வலது ஓரம் என்றைக்குப் பார்த்தாலும் கீழே சரிவதுபோலவே தெரியும். ஆதரவாளர்கள் அதைக் காட்டி மரணம் குறைகிறது என்றார்கள். இன்னொரு பக்கம், சனி ஞாயிறிலும் ஈஸ்டரிலும் தேங்கிய தகவல்கள் செவ்வாய், புதன்களில் மொத்தமாக வந்து விழும். அதை அந்த ஒரு நாளின் மரணமாக எடுத்துக்கொண்ட எதிர்ப்பாளர்கள், திடீரென்று உயர்கிறது என்றார்கள். வரைபடத்தின் கடைசி பத்து நாளை நம்பாமல் அதற்கு முந்தைய பகுதியைப் பார்த்தவர்களுக்குத்தான் நிலைமை தெரிந்தது.

மே மாதத்தில் இதன் பெரிய வடிவம் ஒன்று வந்தது. கடந்த ஏழு நாளில், மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், உலகிலேயே அதிக மரணம் ஸ்வீடனில் என்ற செய்தி எங்கும் ஓடியது. அது பொய்யல்ல. ஆனால் ஸ்வீடனில் மரணங்கள் ஏப்ரல் முதல் பாதியிலேயே உச்சம் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தன. மற்ற ஐரோப்பிய நாடுகளில் இன்னும் வேகமாக இறங்கியதால் மே மாதத்தில் ஸ்வீடன் மேலே தெரிந்தது. ‘உலகிலேயே அதிகம்’ என்று படித்தவர், நிலைமை ஏறிக்கொண்டிருப்பதாக நினைத்திருப்பார். மெதுவாக இறங்கியது என்பதுதான் விஷயம். அதுவே போதிய அளவு மோசமான விஷயம்; மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

முகமையும் தடுக்கி விழுந்தது. ஸ்டாக்ஹோமில் மே 1க்குள் மூன்றில் ஒருவருக்குத் தொற்று வந்து போயிருக்கும் என்று ஏப்ரல் 21 அன்று ஒரு கணிப்பை வெளியிட்டது. அதில் பிழை இருப்பதாகச் சொல்லி மறுநாளே திரும்பப் பெற்று, பிறகு 26 சதவீதம் என்று திருத்தியது. மே மாதத்தில் வெளிவந்த ரத்தப் பரிசோதனை முடிவில், ஏப்ரல் கடைசி வாக்கில் ஸ்டாக்ஹோமில் எதிர்ப்புரதம் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான்.

மந்தை எதிர்ப்பாற்றல், அதாவது பெரும்பாலோருக்குத் தொற்று வந்துபோய்ப் பரவல் தானே அடங்கும் நிலை, எங்கள் இலக்கு அல்ல என்று முகமை திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது. ஸ்வீடனில் 1766இலேயே வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம், அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்கும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுக்கிறது. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தி, எமானுவேல் கார்ல்ஸ்டென் என்ற சுயேச்சைப் பத்திரிகையாளர் டெக்னெலின் மின்னஞ்சல்களை வாங்கிப் படித்தார். மார்ச் நடுவில் ஃபின்லாந்து அதிகாரி மிகா சால்மினெனுக்கு எழுதியதில், பள்ளிகளைத் திறந்து வைத்தால் மந்தை எதிர்ப்பாற்றலை விரைவாக எட்டலாம் என்பது ஒரு காரணமாகலாமோ என்று டெக்னெல் யோசித்திருந்தார். குழந்தைகள் வழியே தொற்று மற்றவர்களுக்கும் போகும் என்பதால் நாங்கள் அதை ஒதுக்கிவிட்டோம் என்று சால்மினென் பதில் எழுதியிருந்தார். அது ஒரு யோசனை மட்டுமே, முடிவுக்கு அடிப்படை அல்ல என்று டெக்னெல் பின்னர் விளக்கினார். எப்படியானாலும், கருத்து மோதலைச் செய்தியாக்குவது என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். இரண்டு பேரைத் தொலைக்காட்சியில் எதிரெதிரே உட்கார வைத்துக் கத்தவிடுவதில் எந்த ஆவணமும் வெளியே வராது.

முதியோர் இல்லத்துக்குள்

நான் இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, மனம் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் இது. 2020 மே மாதக் கணக்கின்படி, இறந்தவர்களில் 70 வயதைத் தாண்டியோரை எடுத்தால், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்கள். இன்னும் கால்வாசிப் பேர் வீட்டில் உள்ளாட்சியின் உதவியாளர்களைச் சார்ந்திருந்தவர்கள்.

ஸ்வீடனில் 1992இல் முதியோர் பராமரிப்பு உள்ளாட்சிகளின் பொறுப்பாயிற்று. மருத்துவர்களோ மண்டல நிர்வாகங்களின் ஊழியர்கள். இல்லத்தை நடத்தும் உள்ளாட்சி அங்கே ஒரு மருத்துவரை வேலைக்கு வைக்க அப்போது சட்டத்தில் இடமில்லை. இல்லங்களில் கணிசமான ஊழியர்கள் மணிக்கூலிக்கு வந்துபோகிறவர்கள். காலையில் ஓர் இல்லம், மாலையில் இன்னொன்று. வராவிட்டால் கூலி இல்லை. பாதுகாப்பு உடையும் கவசமும் போதவில்லை. உறவினர்களுக்கு வாசலை அடைத்தார்கள். தொற்று, வேலைக்கு வந்தவர்களோடு உள்ளே போனது.

அந்த நவம்பரில் சுகாதாரக் கண்காணிப்பு அமைப்பு தன் விசாரணை முடிவைச் சொன்னது. தொற்று வந்த இல்லவாசிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரை எந்த மருத்துவரும் தனியாக மதிப்பிடவே இல்லை. மற்ற பலரின் விஷயத்திலும் மருத்துவர் நேரில் வரவில்லை; தொலைபேசியில் முடிவானது. மருத்துவமனைக்கு அனுப்பலாமா, ஆக்சிஜன் கொடுக்கலாமா, வலி தெரியாமல் விடைகொடுக்கலாமா என்ற முடிவு அது. உறவினர் உள்ளே இல்லாத நேரத்தில் எடுக்கப்பட்ட முடிவு. பணக்கார நாடு, நல்ல நிர்வாகத்துக்குப் பெயர்போன நாடு. அங்கே இது நடந்தது.

ஸ்டாக்ஹோமின் ரிங்கெபி, டென்ஸ்டா போன்ற புறநகர்களிலும் பாதுகாப்பு குறைந்தவர்களே முதலில் இறந்தார்கள். மார்ச் மாதத்தில் ஸ்டாக்ஹோமில் இறந்த முதல் 15 பேரில் ஆறு பேர் சோமாலிய வம்சாவளியினர் என்று அந்தச் சமூகத்தின் மருத்துவர்கள் சொன்னார்கள். சிறிய வீடுகளில் மூன்று தலைமுறை. டாக்சி ஓட்டுபவர்கள், முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர்கள். வீட்டிலிருந்து வேலை பாருங்கள் என்ற அறிவுரையால் அவர்களுக்கு என்ன பயன்? அறிவுரைகள் அவர்கள் மொழியில் வந்து சேரவும் தாமதமானது. வற்புறுத்தாமல் எடுத்துச் சொல்லி நடத்தும் முறையில், சொல்லும் செய்தி எல்லோரையும் எட்டியாக வேண்டும். அது எட்டாத இடத்தில்தான் ஆட்கள் முதலில் இறந்தார்கள்.

பொதுமுடக்கம் வேண்டுமா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்விக்குள் இவை எதுவும் அடங்காது. கடையைப் பூட்டினாலும் பூட்டாவிட்டாலும், இல்லத்தில் வேலை பார்ப்பவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கும். ஸ்வீடனைப் புகழ்ந்தவர்களும் கேட்கவில்லை, ஏசியவர்களும் கேட்கவில்லை.

மூன்று பேரின் அறிக்கை

2020 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரேட் பாரிங்டன் ஊரில் மூன்று பேராசிரியர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஹார்வர்டின் மார்ட்டின் குல்டார்ஃப் ஸ்வீடன்காரர். ஆக்ஸ்ஃபோர்டின் சுனேத்ரா குப்தாவும் ஸ்டான்ஃபோர்டின் ஜெய் பட்டாச்சார்யாவும் கொல்கத்தாவில் பிறந்தவர்கள். ஆபத்து அதிகமுள்ள முதியோரை மட்டும் குறிவைத்துக் காப்போம், மற்றவர்கள் இயல்பாக வாழட்டும் என்பது அறிக்கையின் சாரம். பத்து நாளில் ‘லான்செட்’ இதழில் ஜான் ஸ்னோ குறிப்பாணை என்ற பெயரில் மறுப்பு வந்தது. பரவலை விட்டுவிட்டு ஒரு பகுதியினரை மட்டும் காப்பது நடைமுறையில் முடியாது என்றது அது.

அதற்குப் பின் நடந்தது இரு தரப்புக்கும் பெருமை சேர்க்கவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் காலின்ஸ் அக்டோபர் 8 அன்று அனுப்பிய மின்னஞ்சலில், அந்த மூவரையும் துறையின் விளிம்பில் நிற்பவர்கள் என்று குறிப்பிட்டு, அறிக்கையை உடனே தகர்க்கும்படி மறுப்பு வெளிவர வேண்டும் என்று எழுதியிருந்தார். மறு ஆண்டு டிசம்பரில் அந்த மின்னஞ்சல் வெளியானது. 2021இல், பட்டாச்சார்யாவும் குல்டார்ஃபும் ஃபுளோரிடா ஆளுநரோடு கலந்துகொண்ட கலந்துரையாடலின் காணொளியை யூடியூப் நீக்கியது. அறிக்கையின் தரப்பிலோ, தடையற்ற சந்தைக்காக வாதாடும் ஒரு நிறுவனம் அந்த அறிக்கைக்கு இடம் கொடுத்திருந்தது. யார் வேண்டுமானாலும் பெயர் சேர்க்கலாம் என்றிருந்த கையெழுத்துப் பட்டியலில் கேலிக்காகப் போட்ட போலி மருத்துவர் பெயர்களும் இருந்தன. ஊடகங்கள் இந்த இரண்டில் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டன. ஒருவருக்கு அவர்கள் அடக்கப்பட்ட உண்மைவாதிகள். இன்னொருவருக்கு விலைபோன அறிஞர்கள். பட்டாச்சார்யா 2025இல் அதே தேசிய சுகாதாரக் கழகத்துக்குத் தலைவரானதும் இந்தப் பழைய சண்டை மறுபடி ஓடியது.

நியாயமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எளியது. முதியோரை மட்டும் தனியாகக் காப்பது முடியுமா? அதற்கு ஓரளவு பதில் அப்போதே ஸ்வீடனில் கிடைத்திருந்தது. முதியோரைக் காப்பதே எங்கள் நோக்கம் என்று மார்ச் மாதத்திலிருந்து அறிவித்த நாட்டில், முதியோர் இல்லங்களில் என்ன நடந்தது என்பதை மேலே பார்த்தோம். ஸ்வீடனின் கொரோனா ஆணையம் 2020 டிசம்பர் 15 அன்று தந்த முதல் அறிக்கையில், வெளியே சமூகத்தில் பரவல் அதிகமாக இருந்ததே இல்லங்களில் மரணம் கூடியதற்கு முதல் காரணம் என்றது. பராமரிப்பு அமைப்பின் நாள்பட்ட ஓட்டைகள் அடுத்த காரணம். நார்வேயிலும் இறந்தவர்களில் பெரும்பகுதி இல்லவாசிகள்தான். வெளியே பரவல் குறைவாக இருந்ததால் அங்கே மொத்த எண்ணிக்கையே சிறியது. அந்த ஆண்டு முடிவில், அன்றைய கணக்கின்படி, ஒரு கோடிச் சொச்சம் மக்கள் வாழும் ஸ்வீடனில் இறந்தவர்கள் 9,000க்குச் சற்றே குறைவு. ஏறக்குறைய அதில் பாதி மக்கள்தொகை உள்ள நார்வேயில் 450க்கும் கீழே.

அதே நேரத்தில் அந்த மூவர் சொன்னதில் ஒரு பகுதிக்கு ஸ்வீடன் ஆதாரமும் கொடுத்தது. பள்ளிகள். கரோலின்ஸ்கா நிறுவனத்துப் பேராசிரியர் யோனாஸ் லுட்விக்சன் குழுவின் ஆய்வு 2021 ஜனவரியில் வெளிவந்தது. 2020 மார்ச் முதல் ஜூன் வரை, பள்ளிகள் திறந்திருந்த அந்த நாட்டில், ஒன்று முதல் 16 வயது வரையிலான சுமார் 19.5 லட்சம் பிள்ளைகளில் கொரோனாவால் தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள் 15 பேர். மரணம் இல்லை. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளிக்கு நேரில் போன நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தொற்று, இணையவழியில் நடத்திய மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்ததாக ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்து யோனாஸ் விளாகோஸ் குழு கண்டது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரு வழி தெரியும். பள்ளியைத் திறக்கலாம், ஆசிரியர்களுக்குப் பாதுகாப்பும் தடுப்பூசியும் முன்னால் கொடுத்துத் திறக்கலாம். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. விட்டுப்போன படிப்பைப் பிடிக்க ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்க வேண்டியிருந்தது. அந்த 19 மாதங்களில் இப்படிப்பட்ட ஆய்வுகள் நம் ஊர் விவாதங்களில் இன்னும் உரக்கக் கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

லுட்விக்சனுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுக்குப் பிறகு வந்து குவிந்த வசைகளைத் தாங்காமல், கொரோனா ஆய்வையும் விவாதத்தையும் விட்டு விலகுவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தார். அதே மாதத்தில் எதிர்முனையில் இருந்தவர்களுக்கும் அடி விழுந்தது. அரசின் வழியை விமர்சித்த ஆய்வாளர்கள் சிலர் இருந்த தனிக் குழு ஒன்று வெளிநாடுகளில் ஸ்வீடனின் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறது என்ற தொனியில் பொது வானொலி செய்தி வெளியிட்டது. டெக்னெலுக்கோ கொலை மிரட்டல்களும் வந்தன, அவர் முகத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்ட ரசிகர்களும் இருந்தார்கள். மூன்று விதமாகக் கருத்துச் சொன்னவர்களும் ஒரே ஆண்டில் இப்படி நடத்தப்பட்டால், நான்காவதாக வாய் திறக்க நினைத்தவர் என்ன முடிவு எடுத்திருப்பார்?

ஒரே அறிக்கை, இரண்டு தலைப்பு

2020 டிசம்பரில் ஸ்வீடன் மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ், நாம் தோற்றுவிட்டோம் என்று நினைக்கிறேன், இத்தனை பேர் இறந்துவிட்டார்கள், அது கொடுமை என்று துயரத்தோடு சொன்னார். ‘கொரோனாக் கொள்கை தோல்வி: மன்னரே ஒப்புதல்’ என்ற தொனியில் உலகம் முழுக்கச் செய்தி போனது. மன்னர் சொன்னது ஒட்டுமொத்தச் சமூகத்தைப் பற்றி, துயரத்தில் பங்கெடுத்துச் சொன்னது என்று அரண்மனை விளக்கியது. விளக்கம் அவ்வளவு தூரம் போகவில்லை.

2022 பிப்ரவரி 25 அன்று மாட்ஸ் மெலின் தலைமையிலான ஆணையம் இறுதி அறிக்கையைத் தந்தது. கட்டாயத்தைவிட அறிவுரையை நம்பிய வழி அடிப்படையில் சரி என்றது. அதே அறிக்கை, 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இன்னும் கடுமையாகவும் விரைவாகவும் செயல்பட்டிருக்க வேண்டும் என்றது. ஆல்ப்ஸ் மலைக்கு விடுமுறை போய்த் திரும்பியவர்களை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்க வேண்டும், கூட்டம் சேரும் உள்ளரங்குகளில் சிலவற்றைத் தற்காலிகமாக மூடியிருக்க வேண்டும், முகக்கவசத்தைப் பரிந்துரைத்திருக்க வேண்டும், அரசு முகமையின் பின்னால் நிற்காமல் தானே தலைமை ஏற்றிருக்க வேண்டும் என்று வரிசையாகக் குறை சொன்னது. முதல் வாக்கியத்தை எடுத்தவர்கள் ‘ஸ்வீடன் செய்தது சரி’ என்றார்கள். இரண்டாவதை எடுத்தவர்கள் ‘தாமதம், போதாது’ என்றார்கள். எவரும் பொய் சொல்லவில்லை. தலைப்பில் நின்றுவிட்ட வாசகருக்குப் பாதி அறிக்கைதான் கிடைத்தது.

இன்றைய வாதங்களில் அதிகம் வருவது மிகை மரணக் கணக்கு. ஒரு நாட்டில் வழக்கமாக இத்தனை பேர் இறப்பார்கள் என்று ஒரு மதிப்பீடு வைத்து, அதற்கு மேல் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்ப்பது. 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டுகளையும் சேர்த்தால், பல கணக்குகளில் ஸ்வீடன் ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த வரிசையில் வருகிறது. இது உண்மையான தகவல்; 2020இல் ஸ்வீடனை ஏசியவர்கள் மறைக்கக் கூடாத தகவல். ஆனால் ‘வழக்கம்’ என்பதை எந்த ஆண்டுகளிலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். 2019இல் ஸ்வீடனில் மரணம் வழக்கத்தைவிடக் குறைவு. அந்த ஒரு ஆண்டை அளவுகோலாக வைத்தால் 2020 மிக மோசமாகத் தெரியும். ஐந்தாண்டுச் சராசரியை வைத்தால் அந்த அளவுக்குத் தெரியாது. மூன்றாண்டுக் கூட்டலும் 2020 வசந்தத்தில் நடந்ததை அழிக்காது. தடுப்பூசி வரும்வரை உயிரோடு இருந்திருக்கக்கூடிய ஒரு முதியவரின் மரணம், 2022இல் வேறொரு நாட்டில் மரணம் கூடியதால் ஈடாகிவிடாது. பக்கத்து நாடுகளோடு ஒப்பிடுபவர் ஒரு விடையைப் பெறுவார், ஐரோப்பா முழுவதோடு ஒப்பிடுபவர் இன்னொன்றைப் பெறுவார். எந்த ஆண்டு, எந்த நாடு, எந்த அளவுகோல் என்று சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் நீட்டும் செய்தியை, அது நமக்குப் பிடித்த பக்கமே சொன்னாலும், ஒதுக்கி வைப்பதே நல்லது.

முதியோர் பராமரிப்பில் என்ன மாறியது? 2020 மே மாதத்தில் ஸ்வீடன் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. இல்லங்களில் வேலை பார்ப்பவர்கள் சம்பளத்தோடு, வேலை நேரத்திலேயே உதவிச் செவிலியர் படிப்பைப் படிக்கலாம். செலவை அரசு ஏற்கும். பெருந்தொற்றுக்கு முன்பே பேச்சில் இருந்த இன்னொரு சட்டம் 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உதவிச் செவிலியர் என்ற பணிப்பெயர் இனி சட்டப் பாதுகாப்பு உள்ளது. உரிய படிப்பு இருப்பதைச் சுகாதார வாரியம் உறுதிசெய்த பிறகே ஒருவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்குப் பத்தாண்டு அவகாசம் உண்டு. ஸ்வீடனைச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் யாரும் இந்த இரண்டையும் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.